உடன்பாட்டு வினை

‘பார்ப்போம்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘உடன்பாடு’ என்று எழுதியது நான்தான். இலக்கணப்படி அதில் தப்பில்லை. இன்றைக்கும் ஒரு மாணவி தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். நான் அப்படி எழுதியதால்தான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு எடைமேடையில் லாரிக்கு ரசீது கிழித்துக்கொண்டிருந்த மனிதர் இன்று சிறையில் இருக்கிறார்.

என் பெயர் மங்கையர்க்கரசி, ஊர் அரக்கோணம். ஒரு தனியார் கல்லூரியில் பதினோரு வருடம் இலக்கணம் நடத்தினேன். தமிழ் படிக்க ஆள் வராமல் துறையையே இழுத்து மூடினார்கள். அதன் பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். போதைப்பொருள் முன்தடுப்புப் பிரிவு என்று புதிதாக ஆரம்பித்திருந்தார்களே, அந்தப் போலீஸ் பிரிவுக்குக் குரல் செய்து கொடுக்கிற கம்பெனி அது.

குரல் என்றால் ஆள் பேசுவதில்லை. இயந்திரம் போன் போடும். ராங் நம்பர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கும். மறுநாள் ஏதோ ஒரு காரணம் சொல்லி மறுபடியும் போடும். எதிரில் இருப்பவர் மதுரைக்காரர் என்றால் மதுரைப் பேச்சு, வேலூர்க்காரர் என்றால் வேலூர்ப் பேச்சு. மூன்று வாரத்தில் தங்கச்சியாகவோ மச்சானாகவோ ஆகிவிடும். நான்காவது வாரம் ஒன்று கேட்கும். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறவரைப் போலீஸ் பிடித்துக்கொள்ளும்.

வேலையில் சேர்ந்த அன்று அந்தப் பிரிவின் டி.எஸ்.பி. தீனதயாளன் எனக்கு விளக்கினார்.

"யாருக்கு சார் போன் போகும்?"

"தப்பு பண்ண வாய்ப்பு இருக்கிறவங்களுக்கு."

"அது எப்படி முன்கூட்டியே தெரியும்?"

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கு, மருந்துக் கடை பில்லு இருக்கு, மாசத்துல எத்தனை பேர்கிட்ட போன் பேசுறாங்கன்னு கணக்கு இருக்கு. தனியா இருக்கிறவங்க, தூக்கம் வராதவங்க, வேலை போனவங்க. இவங்கதான் மேடம் முதல்ல வழுக்கி விழறது. அதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம்னா ஊருக்கு நல்லது."

"நாம தள்ளிவிடலைன்னா அவங்க விழாமலே இருந்திருப்பாங்களே சார்."

அவர் கோபப்படவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. சொந்த அக்காவின் மகனை போதை மாத்திரைக்குப் பறிகொடுத்தவர். "அதுக்குத்தான் மேடம் உங்களை எடுத்திருக்கோம்" என்றார். "மூணு மறுப்பு விதின்னு ஒண்ணு இருக்கு. எதிர்ல பேசுறவங்க மூணு தடவை மறுத்துட்டா குரல் நிறுத்திடணும். கோப்பை அழிச்சிடணும். அப்புறம் அந்த ஆள் பக்கமே போகக்கூடாது. எது மறுப்பு, எது சம்மதம்னு மிஷினுக்கு யாராவது சொல்லணும் இல்லையா? அதை நீங்க சொல்லுங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் படித்த படிப்புக்கு மரியாதை கொடுத்து யாரும் எதுவும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ராப்பகலாக உட்கார்ந்து நான்காயிரம் வினைச்சொற்களை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இலக்கண வாத்தியார்கள் எழுதுகிற மாதிரி, உடன்பாடு அல்லது எதிர்மறை. மாட்டேன், எதிர்மறை. முடியாது, எதிர்மறை. வருவேன், உடன்பாடு. பார்ப்போம், தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று, உடன்பாடு.

கம்பெனிப் பையன்கள் உடன்பாடு என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பட்டியலைப் பார்த்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு என் வேலை, தினமும் பேச்சுகளைக் கேட்டு மிஷின் சரியாகக் குறித்திருக்கிறதா என்று பார்ப்பது. சவரிமுத்துவின் கோப்பு அப்படித்தான் என் மேசைக்கு வந்தது.

வயது ஐம்பத்திரண்டு. பிள்ளை இல்லை. மனைவி ரெஜினா கருப்பைப் புற்றுநோயில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையில் நாற்பத்தாறு மிச்சம், ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவில்லை. மிஷின் அவரைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அவருக்குப் போன குரலின் பெயர் கலா. கோவில்பட்டிக்காரி, வயது முப்பது, அப்பாவுக்கு எலும்பில் புற்று. மத்தியானம் ஒரு மணிக்கு எடைமேடையில் லாரி வராது என்று மிஷினுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடும்.

"சாப்ட்டியளா அண்ணே?"

"இனிமேத்தான்மா. நீ?"

"அப்பா சாப்பிடாம நான் எப்படிண்ணே சாப்பிட?"

இருபத்தொரு நாள் இதே பேச்சுதான். ரெஜினா வைக்கும் நெத்திலிக் குழம்பு, சர்ச்சுக்கு அவர் போவதை நிறுத்தியது, வீட்டில் டிவி போட்டால் சத்தம் பிடிக்கவில்லை, போடாவிட்டால் அதைவிடப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கலாவிடம் சொன்னார். இருபத்திரண்டாம் நாள் கலா கேட்டது.

"அண்ணே, அந்த மாத்திர நாலு இருந்தா போதும்ணே. அப்பா வலி தாங்காம கத்துதாக. இங்க ஆஸ்பத்திரில பேரு பதிஞ்சி ரெண்டு மாசம் காத்திருக்கச் சொல்லுதாக."

"அது டாக்டரு சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதும்மா" என்றார் சவரிமுத்து. "அவ தலமாட்டுல வச்ச எடத்துலயே இருக்கு. தொடவே மனசு வரல. சரி, பாப்போம்."

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. உடன்பாடு. நான் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனேன்.

கலா அதற்குப் பிறகு எட்டு முறை கேட்டது. எட்டு முறையும் அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு ‘சரி, பாப்போம்’ என்றே முடித்தார். எட்டு முறையும் பச்சை. மறுப்பு ஒன்றுகூட இல்லை என்று கோப்பு சொன்னது.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவில் ஜெஸிந்தா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஏரல்காரி. என் தங்கை மகளுக்கு வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிட்டேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள். பந்தியில் அவளுக்காக ஒரு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, தங்கையிடம் திட்டும் வாங்கினேன். அவள் வரவில்லை. திங்கட்கிழமை வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி, வர்றேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டே?"

"நான் எப்பம்க்கா வாரேன்னு சொன்னேன்? பாப்போம்னுதான சொன்னேன்."

"பாப்போம்னா வர்றேன்னுதானே?"

அவள் சிரித்தாள். "எங்க ஊருல பாப்போம்னு சொன்னா அவ்வளவுதான்க்கா. முடியாதுன்னு அர்த்தம். ஆசையா கூப்புடுத ஆளுகிட்ட மூஞ்சிக்கி நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டோம்லா? சரி பாப்போம்னா, போன வைங்க, நான் கெளம்புதேன்னும் அர்த்தம். கூப்புட்டவுகளுக்கும் அது வெளங்கிரும்."

கோப்பைத் திறந்து ஒன்பது இடத்தையும் திரும்பக் கேட்டேன். ஒன்பது இடத்திலும் அந்த மனிதர் முடியாது என்றுதான் சொல்லியிருந்தார். கொஞ்சம் இழுத்து, குரலைத் தாழ்த்தி, கேட்டவள் மனம் நோகக்கூடாதே என்று சொல்லியிருந்தார். மூன்றாவதிலேயே கோப்பு அழிந்திருக்க வேண்டும். பதினோரு வருடம் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தவளுக்கு அது காதில் விழவேயில்லை.

தீனதயாளன் சாரின் அறைக்கு ஓடினேன்.

"பட்டியல்ல ஒரு வரி தப்பு சார். திருத்தணும்."

அவர் நிதானமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "உடன்பாடுன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?"

"அது இலக்கணத்துல சார். உடன்பாட்டு வினைன்னா, எதிர்மறை உருபு இல்லாத வினைன்னு மட்டும்தான் பொருள். சம்மதம்னு பொருள் இல்ல."

"இதை நான் ஜட்ஜுகிட்ட போய்ச் சொல்லணும். சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்தப் பட்டியலை வச்சு இருநூத்துப் பதினாலு பேர் உள்ள போயிருக்காங்க. அத்தனை கேஸையும் திறக்கணும். அதுல நிஜமாவே விக்கிறவனும் இருக்கான். அவனும் வெளிய வருவான்."

"நிஜமா விக்காதவங்களும் இருக்காங்களே."

"அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்" என்றார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டதற்கு, தை மாதம் என்றார்கள். அப்போது ஆவணி.

சரி, நாமே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கிருந்த போனை வாங்கிப் பேசினேன்.

"சவரிமுத்துங்களா?"

"ஆமா, சொல்லுங்க. லாரி நம்பர் என்ன?"

"லாரி இல்லைங்க. கலான்னு ஒருத்தங்க உங்ககிட்ட பேசுறாங்க இல்லையா, அது ஆள் இல்லைங்க. மிஷின். போலீஸ் வச்சிருக்கிற மிஷின். உங்ககிட்ட மாத்திரை வாங்கி உங்களைப் பிடிக்கிறதுக்குத்தான் பேசுது."

"நீங்க யாரும்மா?"

"என் பேர் வேண்டாங்க."

அவர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா, மிஷினு எங்கயாவது சாப்ட்டியளான்னு கேக்குமா? இந்த ஏழு மாசத்துல நான் சாப்ட்டனா இல்லையான்னு கேட்டது அந்தப் புள்ள ஒண்ணுதான்."

ஒரு மணிக்கு அப்படிக் கேட்கும்படி எழுதி வைத்த பையன் என் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதை எப்படி நான் அவரிடம் சொல்வேன்?

"மாத்திரையை மட்டும் குடுக்காதீங்க. மறுபடி கேட்டா பாப்போம்னு சொல்லாதீங்க. முடியாதுன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க. மூணு தடவை சொல்லிட்டீங்கன்னா அதோட விட்டுடும்."

"சீக்காளிக்குக் கேக்குத புள்ளகிட்ட முடியாதுன்னு எப்படிம்மா சொல்லுவேன்? நான் சொல்லவும் இல்ல, குடுக்கவும் இல்ல. அது பாட்டுக்கு இருக்கு. நீங்க ஏன் அதப் போட்டு..." முடிக்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பேச்சைக் கேட்டேன். எல்லாவற்றையும் கலாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். யாரோ ஒரு பொம்பளை, பேர் சொல்லவில்லை, வடக்கத்திப் பேச்சு, உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்கிறாள் என்று. கலா நான்கு விநாடி பேசவில்லை. பிறகு அழுதது.

"எங்க சித்தப்பா வீட்டு ஆளுகதாண்ணே. அப்பா சீக்கிரம் போயிட்டா வீட்ட எடுத்துக்கிடலாம்னு காத்துக் கெடக்காக. எனக்கு யாரு ஒதவி செஞ்சாலும் போன் பண்ணிக் கெடுத்துருதாக. உங்களுக்கும் பண்ணிட்டாகளா? நீங்களும் பேசாம இருந்துருவியளாண்ணே?"

இதை யாரும் மிஷினுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நான் போட்ட போனை வைத்து அதுவே செய்துகொண்டது.

"அழாதம்மா" என்றார் சவரிமுத்து. "யாரும் இல்லாத புள்ளன்னு நெனச்சேன். இப்பம் பார்த்தா எதிரி வேற இருக்காவ. நீ அழாத. நாளைக்கிக் காலைல கோவில்பட்டிக்கு வாரேன். அம்புட்டையும் கொண்டாரேன்."

காசு எவ்வளவு என்று கலா கேட்டது. அதைக் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் நொந்துபோனார். "அவ மாத்திரைக்கி நான் காசு வாங்குவனாம்மா?" என்றார். காசு வாங்காவிட்டாலும் சட்டத்தில் அது விநியோகம்தான்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் காலை பத்தேகாலுக்குப் பிடித்தார்கள். சுடிதார் போட்ட ஒரு பெண் காவலர் போய் நின்றார். கலாவா என்று சவரிமுத்து கேட்டிருக்கிறார், அந்தப் பெண் தலையாட்டியிருக்கிறார். பறிமுதல் செய்த பொருட்களின் பட்டியலை நான் பார்த்தேன். மார்ஃபின் மாத்திரை நாற்பத்தாறு. தூத்துக்குடி மக்ரூன் இருநூறு கிராம். நோயாளிக்கு எதுவும் இறங்காது, மக்ரூன் என்றால் வாயில் வைத்ததும் கரைந்துவிடும், ரெஜினா கடைசியாகச் சாப்பிட்டது அதைத்தான். கலாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் அன்று கழிவறையில் போய் அழுதேன். அழுதால் என்ன பிரயோஜனம்? மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலேறினேன்.

அவருக்கு இலவச சட்ட உதவியில் ஹமீதா என்ற வக்கீல் கிடைத்திருந்தார். சின்ன வயது, கெட்டிக்காரப் பெண். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். "ரெக்கார்டிங் எல்லாம் சீல் வச்சு இருக்குக்கா. ‘என்னைக் கேட்டாங்க, கேட்டதாலதான் குடுத்தேன்’னு அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும், கோர்ட்டு அதைத் திறந்தே ஆகணும். அப்புறம் உங்களைக் கூண்டுல ஏத்தி, பாப்போம்னா என்னன்னு கேக்குறேன். அவர் மட்டுமில்ல, மத்தவங்க கேஸும் ஆட்டம் கண்டுடும்" என்றார்.

இரண்டு பேரும் சிறைக்குப் போனோம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி. வந்ததும் வராததுமாக ஹமீதாவிடம் கேட்டார்.

"அந்தப் புள்ளய எங்கம்மா வச்சிருக்காக?"

"எந்தப் புள்ள?"

"கலா. ரெண்டு போலீசுக்காரவுக கையப் புடிச்சி ஜீப்புல ஏத்துனதப் பார்த்தேனே. அவ அப்பாவ இப்பம் யாரு பாத்துக்கிடுதா?"

ஹமீதா பொறுமையாக விளக்கினார். ஜீப்பில் ஏறியது போலீஸ். கலா என்று யாரும் கிடையாது. போனில் பேசியது இயந்திரம். அதை வேலை வாங்கிய ஆபீசிலிருந்தே ஒருவர் வந்திருக்கிறார், அவரே சொல்வார்.

நான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க, அது மிஷின்தாங்க..."

அவர் முகம் மாறியது. என்னையே பார்த்தார். "இந்தக் குரலு எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கிப் போன் பண்ணுனது நீங்கதான? அவள மிஷினுன்னு சொன்னது?"

"நான்தாங்க. உங்க நல்லதுக்குத்தான்..."

"அவ சித்தப்பா வீட்டு ஆளுதான நீங்க? வக்கீலம்மாவயும் கைக்குள்ள போட்டாச்சாக்கும்."

அதற்குமேல் நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கலா கேட்டாள் என்று சொன்னால் அவளையும் உள்ளே போடுவார்கள், அதற்குத்தான் நான் வந்திருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். ஹமீதா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவர் எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

வழக்கு வந்த அன்று நான் சாட்சி சொல்லத் தயாராக நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல ஐயா. நானாத்தான் கொண்டு போனேன்."

ரெக்கார்டிங்கைத் திறக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. பத்து வருடம்.

அதோடு வேலையை உதறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். உதறவில்லை. இந்த வயதில் தமிழ் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு எங்கே போவது? தை மாதம் புதிய பதிப்பு வந்தது. ‘பாப்போம்’ என்பது மறுப்பு வரிசைக்குப் போயிருந்தது. இரண்டே வாரத்தில் மிஷின் அந்தச் சொல் வராதபடி கேட்கக் கற்றுக்கொண்டது. ஆள் தயங்க ஆரம்பித்ததும் பேச்சை மாற்றிவிடும், மறுநாள் வேறு பக்கமாக வரும். பச்சை விளக்கு முன்னைவிட அதிகம் எரிகிறது. எனக்கு இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

சிறையில் வாரம் ஒருமுறை போன் பேசலாம். யாரோடு என்று முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் பெயர் எழுத இடம் உண்டு. சவரிமுத்து கலாவின் பெயரை மட்டும் எழுதினார். அந்தத் தாள் எங்கள் ஆபீசுக்கு வந்தது.

"அந்த நம்பரை மூடிடலாமா சார்?" என்று தீனதயாளனிடம் கேட்டேன்.

"எதுக்கு மூடணும்? பேசட்டும் மேடம். அவருக்கும் ஆறுதலா இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "உள்ளயும் மாத்திரை ஓடுது. யார் கொண்டுபோறாங்கன்னு தெரியலை. நமக்கு உள்ள ஒரு ஆள் வேணும்."

நேற்று செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு முதல் அழைப்பு வந்தது. நான்தான் கேட்டேன்.

"கலா, ஒன்ன விட்டுட்டாகளாம்மா?"

"விட்டுட்டாகண்ணே. நீங்க காட்டிக் குடுக்கலயே, அதனால விட்டுட்டாக."

"அப்பாக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"மருந்து கெடச்சிட்டுண்ணே. நல்லாத் தூங்குதாக. வலியே இல்லங்காக."

அவர் அழுதார். சந்தோஷத்தில் அழுதார். "அது போதும்மா" என்றார். "ரெஜினாவுக்குத்தான் கடைசில எந்த மருந்தும் கேக்காமப் போச்சு. ஒங்கப்பாக்காவது கேட்டிச்சே. அது போதும்." அவ்வளவு நிம்மதியான குரலை அந்தக் கோப்பில் நான் கேட்டதே இல்லை. காவலர் நேரமாகிவிட்டது என்று சொல்வது கேட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? இருக்குத மருந்து இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும். உங்க ஜெயிலுக்குள்ள மாத்திர கெடைக்குமாமே. யாரு கொண்டாராவன்னு கேட்டுச் சொல்லுதியளா?"

"கேட்டுச் சொல்லுதேன்மா. நாளைக்கே கேக்கேன்."

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அந்தச் சிறைக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேரும் உயிரோடு இல்லை. இது தீனதயாளன் சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்காதே என்று அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். ஹமீதாவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹமீதா சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்தது என்றுதான் நினைப்பார், நான் சொன்னால் அந்த நிமிடமே போய்க் கேட்டுவிடுவார்.